பொன்னுருவி எங்கே?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர்)

கலைவிழா என்பது ஆடுகிறவனுக்காகவா, பார்க்கிறவனுக்காகவா? சென்ற ஆண்டு வரை யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், இருவருக்கும்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பொங்கலையொட்டிச் சென்னைப் பூங்கா ஒன்றில் நடந்த கலைவிழாவில் ஒருநாள், காலை முதல் இரவு வரை இருந்துவிட்டு வந்தபின் அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று எனக்குத் தோன்றியவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்கிறேன். அந்த விழாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு விழாவைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. நகரத்து விழாக்கள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன.

நான் கலையைத் தேடிக்கொண்டு போகவில்லை. தாம்பரத்தை அடுத்து வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோக வேண்டியிருந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, பச்சரிசி இவற்றோடு ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் திண்டிவனத்தில் ரயிலேறினோம். மறுநாள் மாமாதான், “பூங்காவுல விழா நடக்குது, டிக்கெட் கெடையாது, அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வா” என்றார். டிக்கெட் கிடையாது என்றதால் அம்மாவும் சம்மதித்தாள்.

காலையில் பறை. ஊரில் சாவுக்கு அடிப்பதற்கென்று ஒதுக்கி, அடிப்பவரைத் தெருக்கோடியிலே நிறுத்திப் பழகிய இடத்திலிருந்து வருகிறவன் நான். அதே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிப் பெண்கள் ஆடுவதையும், நல்ல உடை உடுத்தியவர்கள் வட்டமாக நின்று மரியாதையோடு பார்ப்பதையும் அங்கே கண்டேன். இந்த ஒன்றுக்காகவே இத்தகைய விழாக்களை வாயார வாழ்த்தலாம். பிறகு தேவராட்டம், பொய்க்கால் குதிரை, கரகம், பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம். நடுவே உணவுக் கடைகள். கம்பங்கூழ் ஒரு குவளை 50 ரூபாய் என்று எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னதும் அம்மா, “அப்போ நம்ம ஊட்டுல தினம் எவ்வளவு ரூபா குடிக்கிறோம்!” என்று வியந்தாள். மாலை 6 மணிக்கு மேல், “அடுத்து தெருக்கூத்து, கர்ண மோட்சம்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதுவரை மரத்தடியில் சாய்ந்திருந்த அம்மா எழுந்து போய் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நாற்காலிகள் இருந்தன. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

கூத்து நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யனாவேன். இருவர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னிருந்து கர்ணன் குரல் கொடுத்து, கிரீடம் மட்டும் தெரிய ஆடி, பிறகு திரை விலக வெளியே வந்தான். தோள்களில் புஜக்கட்டை, மார்பிலே பதக்கம், காலில் கனத்த சலங்கை. அவன் சுழன்ற சுழற்சியில் பூங்காவே எழுந்து கைதட்டியது. எத்தனையோ கைப்பேசிகள் உயர்ந்தன. அடுத்தது போர். அம்பு பாய்ந்தது. கண்ணன் வந்தான், கர்ணன் சாய்ந்தான், மங்களம் பாடினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். 25 நிமிடம் ஆகியிருந்தது. அறிவிப்பாளர் அதற்குள் அடுத்த குழுவை அழைத்துவிட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏண்டா, பொன்னுருவி எங்க? அவ இன்னும் வரலியே?” என்றாள்.

நிற்க. பொன்னுருவி யார் என்று அறியாத நண்பர்களும் இதைப் படிக்கலாம். அவள் கர்ணனின் மனைவி, அரசகுமாரி. கணவன் தேரோட்டி வளர்த்த பிள்ளை, பிறப்பு இன்னதென்று தெரியாதவன் என்பதால் அவனை மதியாமல் ஒதுக்கியே வைத்திருப்பவள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுமுன் அவளிடம் விடைபெற வருகிறான் கர்ணன். அங்கே தொடங்குகிறது தர்க்கம். குலம் எது, தகப்பன் யார், உனக்கு என்னைத் தொட என்ன தகுதி என்று அவள் கேட்கக் கேட்க, வில்லுக்கு அஞ்சாதவன் சொல்லுக்கு முன் நிற்கமாட்டாமல் தவிக்கிறான். கடைசியில் தான் குந்தியின் பிள்ளை என்பதைச் சொல்கிறான். அவள் மனம் உடைவது அப்போதுதான். அதற்குள் போருக்கு நேரமாகிவிடுகிறது. எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திடலில் இந்த ஒரு தர்க்கமே நடுநிசியைத் தாண்டி ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் நடக்கும். இடையே கட்டியக்காரன் புகுந்து ஊர்க்கதை பேசுவான். எங்கள் பக்கத்துப் பெண்கள் போர்க் காட்சியில் தூங்கினாலும் தூங்குவார்கள். பொன்னுருவி வரும்போது தூங்கமாட்டார்கள்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர் என்னுடையது. இந்தப் பகுதி கூத்துக்கும் திரௌபதி வழிபாட்டுக்கும் எவ்வளவு முக்கியமானது என்பதை, நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நம்மவர் சொல்லி நான் அறியவில்லை. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் செஞ்சிச் சீமையை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலைத் திரௌபதியின் முதற்கோயில் என்று அடியார்கள் கொள்வதையும் அவர் அதிலே ஆராய்கிறார். 1990இல் ரிச்சர்ட் ஃபிராஸ்கா என்பவர் தெருக்கூத்தைப் பற்றித் தனிநூல் எழுதினார். ஹன்னே டி பிரேன் என்னும் டச்சு அம்மையார், புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கர்ண மோட்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1998இல் அதை வெளியிட்டது விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். பொன்னுருவியின் வழக்கு ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. சென்னைப் பூங்காவின் மேடையில் மட்டும் ஏறவில்லை!

அன்றிரவு மேடைக்குப் பின்னால் போனோம். கர்ணனாக ஆடியவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதாவது இருக்கும். அம்மாவின் பேச்சைக் கேட்டதுமே, “செஞ்சிப் பக்கமாம்மா?” என்றார். அம்மா கூச்சமில்லாமல் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். “இருபத்தஞ்சு நிமிஷத்துல கர்ணன் சாவத்தாம்மா நேரமிருக்கு. பொண்டாட்டிகிட்டப் பேச எங்க நேரம்?” என்றார்.

நான் உடனே நகரத்தாரை ஏசத் தொடங்கினேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. அவர் கையமர்த்தினார். “கொறை சொல்லாத தம்பி. இங்க பேசுன பணம் கைக்கு வந்துடுது. சோறு போட்டு, வண்டி வச்சு அனுப்புறாங்க. ஊர்ல விடிய விடிய ஆடிட்டு மீதிப் பணத்துக்கு ஒரு வாரம் நடந்திருக்கேன்.” பிறகு, துடைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “ராத்திரி பூராவும் வேணாம், எனக்கும் வயசாவுது. மூணு மணி நேரம் குடுக்கச் சொல்லு. பொன்னுருவிய முழுசாக் கொண்டாரேன்.”

ரயிலில் திரும்பும்போது இதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

நகரத்து விழாக்களின்மேல் பழி போடுவது எளிது. ஆனால் வரலாற்றைப் பார்க்கவேண்டும். 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோதுதான் பூங்காக்களிலும் கடற்கரையிலும் தெருமுனைகளிலும் கட்டணமின்றி நாட்டுப்புறக் கலைஞர்கள் பெருந்தொகையாக ஆடும் காட்சியைத் தலைநகரம் கண்டது. 2011க்குப் பிறகு அது நின்றுபோயிற்று. 2023 ஜனவரியில் அரசின் கலை பண்பாட்டுத் துறையே ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்று அதை மீண்டும் நடத்தியது. அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையில் மேலும் 8 முக்கிய நகரங்களுக்கு விரிவாக்குவதாகவும் அறிவித்தார்கள். நம் ஊர்கள் முக்கிய நகரக் கணக்கில் சேருமா என்று நான் வழக்குப் பேசப் போவதில்லை. கூத்தாடி என்பதை வசைச்சொல்லாக வைத்திருக்கும் நாட்டில், அரசாங்கமே அவனை அழைத்துச் சம்பளம் கொடுத்து மேடையேற்றுவது சிறு காரியமன்று. அந்த இடைவெளி ஆண்டுகளில் எத்தனை குழுக்கள் கலைந்திருக்கும், எத்தனை பேர் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டுதான் பேசவேண்டும்.

எனினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதே சென்னையில் மார்கழி தோறும் இசைவிழா நடக்கிறது. 1927இல் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. இன்று எத்தனையோ சபாக்கள். அங்கே ஒரு பெரிய வித்வானை அழைத்து, “ஐயா, 25 நிமிடம், ராகத்தை விட்டுவிடுங்கள், தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானம் மட்டும் போதும்” என்று எவராவது சொல்வார்களா? இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்கள். உட்கார முடியாதவர்கள் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்கிறார்கள்! பொறுமை இல்லாத நகரம் என்று சென்னையைச் சொல்லமுடியாது. யாருக்குப் பொறுமை காட்டுவது என்பதிலேதான் வேறுபாடு.

கச்சேரியும் சுருங்கித்தானே இருக்கிறது என்று ஒரு சாரார் கூறுவர். உண்மை. முன்னாளில் நான்கைந்து மணி நேரம் பாடியிருக்கிறார்கள். அதை அளவாக்கி, இன்னதன்பின் இன்னது என்று முறைப்படுத்தியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்று இசையறிந்தோர் கூறுகின்றனர். இங்கேதான் என் கருத்து அடங்கியிருக்கிறது. அதைக் குறைத்தவர் பாடத் தெரிந்தவர். எதை எடுத்தால் உடல் நிற்கும், எதை எடுத்தால் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரியும். கூத்தைக் குறைக்கிறவர் யார்? நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்கிறவர். அவருக்குக் கூத்து என்பது ஓர் ஆட்டம். கரகாட்டம், ஒயிலாட்டம்போல இன்னோர் ஆட்டம். எனவே ஆட்டத்தை வைத்துக்கொண்டு பேச்சை வெட்டிவிடுகிறார். சுழற்சியைப் படம் பிடிக்கலாம், தர்க்கத்தைப் படம் பிடிக்க முடியாதல்லவா?

கூத்து வெறும் ஆட்டமன்று, நண்பர்களே. எங்கள் ஊரில் அது வழக்காடு மன்றம். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருவர் ஒரு நியாயத்தைச் சொன்னால் அதற்கு எதிர்நியாயம் என்ன, அதற்கு மறுமொழி என்ன என்று அடுக்கிக் கேட்பாள். நான் வேதியியல் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பாவிடம் எனக்காக வாதாடி வென்றவள் அவள்தான். இந்த வாதத்திறமையை அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது? பொன்னுருவியும் பாஞ்சாலியும் கட்டியக்காரனும் கற்றுக்கொடுத்தார்கள். தகப்பன் யார், அவன் என்ன படித்தான் என்ற கேள்வி நம்மில் பலருக்குப் புதிதன்று. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றவர்கள் இக்கல்லூரியில் எத்தனை பேர்! தாத்தா, பாட்டி, தாய், தகப்பன் ஒருவரும் பட்டம் பெறவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுத்தானே அதை வாங்கினோம்? பிறப்பை வைத்து மனிதனை அளக்கலாமா என்று ஒரு மேடை விடிய விடிய வாதாடுகிறதென்றால், அதைக் கேட்க நம்மைவிட உரியவர் வேறு யார்? அந்த வாதம்தான் வெட்டப்பட்ட பகுதி.

இவ்வளவும் பேசிவிட்டு நம் பக்கத்து உண்மையை மறைப்பது முறையன்று. இப்போது எங்கள் ஊரிலேயே இரவு 12 மணிக்கு மேல் திடலில் இருப்பவர்கள் கிழவிகளும், அவர்கள் மடியில் தூங்கும் குழந்தைகளுமே. இளைஞர்கள் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார்கள். சில ஊர்களில் கூத்துக்குப் பதில் பாட்டுக் கச்சேரியும் சினிமா நடனமும் வைத்துவிட்டார்கள். நானும் யோக்கியன் அல்லன். சென்ற ஆண்டு படுகளத்துக்கு முந்தைய இரவு, மறுநாள் செய்முறைத் தேர்வு என்று சாக்குச் சொல்லிப் பாதியில் எழுந்து போனவன்தான். பாதியில் எழுந்து போகிறவனுக்கும், 25 நிமிடத்தில் முடித்துக்கொள் என்கிறவனுக்கும் எவ்வளவு தூரம்? “கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்” என்பது பழமொழி. எப்போது விடியும் என்று ஆடுகிறவன்தான் முன்பு பார்த்தான். இன்று பார்க்கிறவனும் கிழக்கே பார்க்கிறான்.

நகரத்தில் வாழ்ந்தும் கூத்தை மதித்தவர்கள் உண்டு. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நவீன நாடகத்துக்கு வேர் எங்கே என்று தேடியவர், செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானைக் கண்டு, அவரை ஆசானாக மதித்துத் தம் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்தார். புரிசை நமக்கு எவ்வளவு தொலைவு? வந்தவாசி வழியாகப் பேருந்தில் போய்விடலாம். சென்னைக்காரர் தேடிப்போன இடத்துக்கு நாம் ஒருமுறையும் போனதில்லை.

நம் கல்லூரிக்கு வருவோம். ஆண்டு விழா என்றால் திரைப்படப் பாடலுக்கு ஆடுவது, பலகுரல், பட்டிமன்றம், பரிசளிப்பு. திரைப்படப் பாடலுக்கு நான் பகைவன் அல்லன். சென்ற ஆண்டு நானும் ஆடினேன், ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் ஒருமுறை வகுப்பில் கூத்து வைத்தால் என்ன என்று ஒரு நண்பர் எழுந்து சொன்னபோது, “நீ பொம்பள வேஷம் கட்டு” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு கூத்து நடக்கவேண்டும். முழு இரவு வேண்டாம். முழு இரவு என்றால் மாணவியர் வரமுடியாது. கடைசிப் பேருந்தை நம்பியிருக்கும் நாமும் வீடு போய்ச் சேரமுடியாது. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடியட்டும். பகலில் கூத்தா என்று முகம் சுளிப்பவர்களுக்கு, பகலிலே நடக்கும் படுகளத்தை நினைவூட்டுகிறேன். எதை ஆடுவது, எதை விடுவது என்பதை ஆடுகிறவரே முடிவு செய்யட்டும். நாம் நேரத்தை மட்டும் கொடுப்போம். அது நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் இடைவேளை ஆட்டமாக இல்லாமல், அன்றைய ஒரே நிகழ்ச்சியாக இருக்கட்டும். பேசிய பணத்தை ஆட்டம் தொடங்குமுன்பே கொடுத்துவிடவேண்டும். சென்னை விழாக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது.

செலவு என்ன ஆகும் என்று கேட்பார்கள். அந்தப் பெரியவரிடம் கைப்பேசி எண் வாங்கி வந்திருக்கிறேன், கேட்டும் பார்த்தேன். 12 பேர் கொண்ட குழு, வேனில் வந்து போகவேண்டும். அவர் சொன்ன தொகை, சென்ற ஆண்டு விழாவில் நாம் ஒலி ஒளி அமைப்புக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. பங்குனி பிறந்துவிட்டால் அவர் கிடைக்கமாட்டார். ஆடி கழியும் வரை ஊர் ஊராக ஆட்டம் இருக்குமாம். ஆகவே மாசி முடிவதற்குள் நாள் குறித்துச் சொல்லிவிட வேண்டும். பேரவைக்கும் முதல்வர் ஐயா அவர்களுக்கும் விண்ணப்பம் எழுதி 31 பேரிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறோம். அன்று பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்த நண்பரும் கையொப்பமிட்டிருக்கிறார். இன்னும் இடம் இருக்கிறது. தாள் வேதியியல் ஆய்வகத்துக்கு வெளியே உள்ள மேசையில் இருக்கும்.